ஆப்பிளும் அடுக்கு மாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "தொழிற்சாலையில் வெப்பப் பொறியியல்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். விழாக் குழுவினர் என்னை மன்னிக்க வேண்டும். வெப்பத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொழிற்சாலையைப் பற்றி இல்லை. ஆப்பிள் பழத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, பப்ஸ் மாவின் மேல் அடுக்கி, சர்க்கரை தூவிச் சுடுகிற ஒரு பிரெஞ்சுப் பலகாரத்தைப் பற்றி. அவர்கள் அதை 'தார்த் ஓ பொம்' என்பார்கள். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிடுவேன். பின்வரிசையில் இப்போதே சிரிக்கும் என் அறைத்தோழன் கடைசி வரை இருக்கட்டும்.

எங்கள் ஊர் பூவம். நம்மில் பலர் பஸ்ஸில் அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில், கோட்டுச்சேரிக்கு வடக்கே, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஓரம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். உலகம் முழுக்க 'டேனிஷ் பேஸ்ட்ரி' என்று விற்கிறார்களே, அதுவும் அடுக்கு மாவுதான், ஈஸ்ட் சேர்த்தது. டென்மார்க்கில் 1850 வாக்கில் ரொட்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுத்தது என்று சொல்வார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் இருந்தும் பூவத்துக்கு நல்ல பேஸ்ட்ரி வந்து சேரவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா குடும்பத்தில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது; சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமா வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தாத்தா கொடுக்கவில்லை. அதனால் அத்தை பாரீஸில், நாங்கள் பூவத்தில்.

2020 பிப்ரவரி கடைசியில் அத்தை ஒரு கல்யாணத்துக்காகத் தனியாக வந்தார். மாமாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25 முதல் ஊரடங்கு. எங்கள் ஊரில் சாலையை அடைத்துத் தடுப்பு போட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் பாரீஸில் மாமா இறந்துபோனார். அங்கே அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. அவர்கள் மகன் செல்போனைப் பிடித்துக்கொள்ள, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அத்தை அதைப் பார்த்தார். படம் இரண்டு முறை நின்றுபோனது. வேறொன்றும் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அம்மா கருமாதிப் படையலுக்கு என்னென்ன வைக்கலாம் என்று பேச்சை எடுத்தார். "அண்ணி, அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதும் அத்தை யோசிக்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையானா ஆப்பிள் தார்த் கேப்பார்." சொல்லிவிட்டு அவரே, "அதுக்கு இங்க எங்க போறது, வடை பாயசம் போதும்" என்றார்.

நான் செய்கிறேன் என்றேன். அத்தை ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "அது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. மாவு சுருளைப் பிரிச்சு, ஆப்பிளை வச்சு, அடுப்புல தள்ளினா அரை மணி நேரம்" என்றார்.

நண்பர்களே, இந்த 'கஷ்டமில்லை'யைத்தான் நான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் எந்தக் கடையிலும் குளிர்ப்பெட்டியில் அடுக்கு மாவு சுருளாகக் கிடைக்கும், வட்டமாக வெட்டி, காகிதத்தோடு சுருட்டி. வீட்டில் ஓவன் இருக்கும். சுடுவதற்கென்றே புளிப்பான ஆப்பிள் தனியாக விற்கும். இத்தனையும் இருந்தால் சுலபம்தான். பூவத்தில் எனக்கு இருந்தது மைதா, ஒரு ஃபிரிட்ஜ், சித்திரை வெயில்.

மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்னாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். அந்த மாவேதான் இது. பிரெஞ்சில் அதன் பெயருக்கு 'இலை இலையான மாவு' என்று பொருள். பிசைந்த மாவுக்குள் வெண்ணெயை ஒரு பலகை போல வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடிப்பது. ஒரு மடிப்பில் வெண்ணெய் மூன்று அடுக்கு, இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் 27, நான்காவதில் 81. கைதேர்ந்தவர்கள் ஆறு மடிப்பு போடுவார்கள், அது 729. அடுப்பில் வைத்ததும் மாவில் உள்ள தண்ணீரும் வெண்ணெயில் உள்ள தண்ணீரும் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் நூறு டிகிரியில் ஏறக்குறைய 1.7 லிட்டர் ஆவி. அந்த ஆவிதான் ஒவ்வொரு இலையையும் தூக்குகிறது. இலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வது வெண்ணெய். சோடா மாவு கிடையாது, ஈஸ்ட் கிடையாது. பரோட்டாவிலும் அடுக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஓடிவிடும், வெண்ணெய்போல் தனி ஏடாக நிற்காது. போதாததற்குச் சுட்டவுடன் மாஸ்டர் இரண்டு கையாலும் அடித்து அடுக்கை உதிர்த்துவிடுகிறார். அது வேறு கலை.

ஆக, வெண்ணெய் உருகாமல் ஏடாக நிற்க வேண்டும். வெண்ணெய் வளைந்து கொடுக்கும், ஆனால் ஒழுகாது என்ற நிலை ஏறக்குறைய 13 டிகிரியிலிருந்து 18 டிகிரி வரை. அதற்குக் கீழே போனால் உடையும். 20ஐத் தாண்டினால் குழையும். 35க்குள் முழுக்க உருகிவிடும். நான் அதுவரை வேலை பார்த்த இடத்தில் எஃகை 850 டிகிரியில் வைத்து ஐந்து டிகிரி கூடக்குறைய ஆகாமல் பார்த்துக்கொண்டவன். பதினெட்டு டிகிரியில் இரண்டு முறை தோற்றேன்.

முதல் தோல்வி பதினோராம் நாள். கடையில் வெண்ணெய் இல்லை. பால்காரர் வீட்டில் கடைந்த வெண்ணெயை வாங்கி வந்தேன். மணமோ மணம். ஆனால் வீட்டு வெண்ணெயில் மோரும் தண்ணீரும் அதிகம். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் பிரிந்து மாவைக் கூழாக்கியது. அதைச் சப்பாத்தியாகச் சுட்டு நானே தின்றேன். இரண்டாவது, பதின்மூன்றாம் நாள். கோட்டுச்சேரியில் ஒரு கடையில் அமுல் வெண்ணெய் கிடைத்தது. பகல் பதினொரு மணிக்கு ஃபேன் அடியில் உட்கார்ந்து தேய்த்தேன். இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிட்டது. சுட்டபோது ஏறவே இல்லை. தட்டை மாதிரி நறுக்கென்று உடைந்தது. அப்பா அதைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். அப்பாக்கள் அப்படித்தான்.

தெரிந்த பேக்கரி மாஸ்டர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர். நாற்பது வருடமாகப் பப்ஸ் போடுகிறவர். கடை மூடிக் கிடந்தது. சுவர் அடுப்பு ஒரு மாதமாக அணைந்து குளிர்ந்துவிட்டதாம், ஒரு தட்டுக்காக அதை மூட்ட முடியாது என்றார். நியாயம், அத்தனை செங்கல்லும் சூடேற ஒரு நாள் விறகு வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அதில் முக்கியமானது ஒரே வரி: "மாவும் வெண்ணையும் ஒரே பதமா இருக்கணும் தம்பி. ஒண்ணு கல்லு ஒண்ணு களின்னா கிழிஞ்சிடும்." நான் வெண்ணெயின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டின் இறுக்கத்தையும் விரலால் அழுத்திப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எதுக்கு வெண்ணெயோட மல்லுக்கட்டறீங்க, டால்டா போடுங்க" என்றும் சொன்னார். நம் ஊர்ப் பேக்கரிகளில் பப்ஸுக்கு வனஸ்பதியோ மார்ஜரினோ போடுவது கஞ்சத்தனத்தால் மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது வெண்ணெயைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும், நம் வெயிலைத் தாங்கும். ஆனால் அதே காரணத்தால் வாயிலும் உருகாது. பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல் இருக்குமே, அதுதான். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரியிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அத்தையிடம் டால்டாவைப் பற்றிச் சொன்னேன். "அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றார். மறுபேச்சு பேசவில்லை.

பதினைந்தாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்தேன். கடற்கரை ஊரில் அதுதான் கொஞ்சமாவது குளிர்ந்த நேரம், 27 டிகிரி. சமையலறை கட்டியபோது மிஞ்சிய கடப்பைக் கல் ஒன்று கொல்லையில் கிடந்தது. அதைக் கழுவி, தாம்பாளத்தில் ஐஸைப் பரப்பி அதன் மேல் கல்லை வைத்தேன். கல்லின் மேலும் ஐஸ் தட்டு வைத்துத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தேன். கணக்கு எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: மைதா 250 கிராம், குளிர்ந்த தண்ணீர் 125 மில்லி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வெண்ணெய் 200 கிராம். அமுலில் உப்பு இருப்பதால் மாவில் உப்பு வேண்டாம். ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில். மாவுக்கு அந்த ஓய்வு கட்டாயம். இல்லாவிட்டால் ரப்பர் மாதிரி பின்னுக்கு இழுக்கும்.

நான்கு மடிப்பு, நான்கு அரை மணி நேரம். அந்தக் காத்திருப்பில்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று நடந்தது. அத்தையும் எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மடிப்பு முடிந்ததும் கேட்டார், "வேலை போயிடுச்சா தம்பி?"

போய்விட்டது. மார்ச்சிலேயே. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முப்பது பேரை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். வீட்டில், "ஊரடங்கு, வீட்டிலிருந்தே வேலை" என்று சொல்லியிருந்தேன். உலை முன்னால் நிற்க வேண்டியவன் வீட்டிலிருந்து என்ன வேலை செய்ய முடியும்? நம் வாட்ஸாப் குழுவில் நீங்கள் எல்லாரும் விசாரித்தீர்கள். "எல்லாம் நலம், வேலை பளு" என்று போட்டேன். அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் தூக்கிய இருபது பேரும் இங்கே இருக்கிறீர்கள். அது பொய்.

அத்தை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவைப் பற்றிச் சொன்னார். "பட்டாளத்தை விட்டு வந்தப்புறம் எட்டு மாசம் வேலை இல்ல. எனக்குச் சொல்லல. தினம் காலையில டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். சாயங்காலம் ரொட்டிக்கடையில ஒரு ஆப்பிள் தார்த் வாங்கிட்டு வருவார், சம்பளக்காரர் மாதிரி. எனக்குத் தெரியும். கேட்டா உடைஞ்சிடுவாரேன்னு கேக்கல. காசு கரையுதேன்னு, 'நானே பண்றேன், வாங்காதீங்க'ன்னு சொன்னேன். அதே கடையில பச்சை மாவை மட்டும் எடைக்கு வாங்கிட்டு வருவேன். பாதி விலைகூட ஆகாது. அப்படி ஆரம்பிச்சதுதான் ஞாயித்துக்கிழமை."

அப்புறம் மாமாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். "கிடைச்சுது. மாவு ஆறிடப் போகுது, எடு" என்றார்.

மூன்றாவது மடிப்பும் நான்காவதும் ஒழுங்காக வந்தன. விளிம்பைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் புத்தகப் பக்கம் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. எட்டு அங்குல வட்டமாக வெட்டினேன். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். நசுக்கினால் ஓரத்து அடுக்குகள் ஒட்டிக்கொண்டு ஏறாது. ஓரம் ஒரு விரற்கடை விட்டு, நடுவில் முள்கரண்டியால் குத்திவிட்டேன், நடுப்பகுதி எழும்பாமல் பழத்தைத் தாங்க.

ஆப்பிள் மூன்று, அப்பா எங்கேயோ சொல்லி வாங்கி வந்தது. நமக்கு வருபவை பெரும்பாலும் இமாச்சல், காஷ்மீர் டெலிஷியஸ். இமாச்சலத்தில் 1916 வாக்கில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நட்டுப் பரப்பிய இனம். அப்படியே கடித்துத் தின்ன இனிப்பு. சுட்டால் புளிப்பு போதாது. அதுவும் போன ஆகஸ்ட், செப்டம்பரில் பறித்துக் குளிர்கிடங்கில் கிடந்து ஏப்ரலில் வருகிற பழம், மாவாக இருக்கும். மாங்காய்ச் சீவலைக் கொஞ்சம் கலக்கலாமா என்றேன். எனக்கு இன்றைக்கும் அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. அத்தை, "போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு ஊறுகாயா வைக்கப் போறே?" என்றார். எலுமிச்சைச் சாற்றோடு நிறுத்திக்கொண்டேன். அடியில் ஒரு கரண்டி ரவை தூவினேன், பழத்தின் சாறு இறங்கி மாவை நமத்துவிடாமல் இருக்க. மேலே மூன்று கரண்டி சர்க்கரை. ஓரத்தில் முட்டைக்குப் பதில் பால். படையல் அல்லவா.

ஓவன்? பிரியாணி தேக்சாதான். அடியில் ஓர் அங்குலம் மணல், மேலே முக்காலி, அதன் மேல் தட்டு. கீழே விறகு. மேல் சூடு இல்லாவிட்டால் நிறம் வராது, அதனால் மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணல். 'மேல் நெருப்பு, கீழ் நெருப்பு' என்று எங்கள் பக்கத்து ஆச்சிமார்கள் ஓவன் வருவதற்கு முன்பு கேக் சுட்ட முறை. என் பையில் பழைய வேலையின் தெர்மோகப்பிள் ஒன்று இருந்தது. மூடியின் ஓரத்தில் அதை நுழைத்து 210 டிகிரி வந்ததும் தட்டை வைத்தேன். முதல் கால் மணி நேரம் திறக்கக் கூடாது. ஆவி தூக்குகிற நேரம் அது. நாற்பது நிமிடத்தில் எடுத்தேன். கடல் காற்று கிழக்கிலிருந்து தணலை ஊதிவிட்டதில் அந்தப் பக்கம் கருகியிருந்தது. மேற்குப் பக்கம் இரண்டு விரல் உயரம், பொன்னிறம். இலை இலையாக எண்ணலாம் போல.

ஐயர் வர வழியில்லை, தடுப்பு. அப்பாவே படைத்தார். வாழையிலையில் சோறு, சாம்பார், வடை, பாயசம், ஓரமாக ஆப்பிள் தார்த். கொல்லையில் காக்கைக்கு வைத்தோம். சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்த காக்கை தார்த்தின் ஓரத்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டது, ஆப்பிளை விட்டுவிட்டு. அத்தை அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட்டார். "உப்பு இருக்குடா தம்பி" என்றார். வெண்ணெயில் இருந்த உப்பு. முழுத் துண்டையும் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் வேலை போனதைச் சொன்னேன். அவருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அத்தை அந்த வருடமே பாரீஸ் திரும்பினார். எனக்கு அடுத்த வருடம் வேறொரு இடத்தில் உலை முன்னாலேயே வேலை கிடைத்தது. போன மாதம் அத்தை போனில், "சுருள் மாவு வாங்கிப் பண்ணேன், பத்து நிமிஷ வேலை. உன் அளவுக்கு ஏறல" என்றார். எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

தம்பி தங்கைகளில் யாராவது இப்போது வேலை இல்லாமல் டை கட்டிக்கொண்டிருந்தால் என்னிடம் வந்து பேசுங்கள். எங்கள் பிரிவில் இரண்டு இடம் காலி இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட், சூடு அதிகம்.

நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் பார்க்கிறார். தேநீர் மேசையில் வெள்ளைத் துணி மூடிய தட்டு ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் செய்தது, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அடிப்பக்கம் கொஞ்சம் நமத்திருக்கும். பதினாறு துண்டுதான் போட முடிந்தது. முன்வரிசைப் பேராசிரியர்களுக்கு முதலில்.